வாடகையும் வரியும்

ரப்பர்த் தோட்ட லயங்களில் வாழ்ந்த ஜொகூர்த் தமிழர்க்கு வாடகைக் கவலை பெரிதாக இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகர்களில் குடியேறிய பின்னரே வீட்டுக்காரர், முன்பணம், ஒப்பந்தம் என்பன அவர்தம் வாழ்வில் புகுந்தன. கூடவே ஓர் ஐயமும் புகுந்தது: பெறும் வாடகைக்கு வீட்டுக்காரர் வரி செலுத்துகின்றாரா?

மலாயாவில் வருமான வரிச் சட்டம் 1947இல் இயற்றப்பெற்று, 1948 முதல் நடப்புக்கு வந்தது. பின்வந்த 1967ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகையை வரிக்குரிய வருமானமாகவே வகுத்தது. ஆயினும், ஐயுற்றவரிடம் வீட்டுக்காரர் பலர் காட்டுவது நகராட்சிக்குச் செலுத்திய மதிப்பீட்டு வரிச் சீட்டையே. அது வேறு, வருமான வரி வேறு. தீபகற்பத்தின் பிற மாநிலங்களில் மதிப்பீட்டு வரி, வீடு ஈட்டக்கூடிய ஆண்டு வாடகையைக் கொண்டு கணிக்கப்படும். ஜொகூரிலோ நிலமும் கட்டடமும் சேர்ந்த விலைமதிப்பே அடிப்படை. ஆகவே அச்சீட்டு வாடகையைப் பற்றி ஒன்றும் உரைப்பதில்லை.

மதிப்பீட்டு வரி, நிலவரி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழித்த பின்னரே வாடகைக்கு வரி கணிக்கப்படுவதால், வரி குறைந்தமை மட்டும் ஏய்ப்புக்குச் சான்றாகாது. குடியிருப்போர் தம் கையில் வைத்திருக்க வேண்டியவை பற்றுச்சீட்டும் முத்திரையிட்ட ஒப்பந்தமுமே. 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, தீர்வை செலுத்தாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக நில்லாது. வரிக்கு அஞ்சி எழுத்தைத் தவிர்க்கும் வீட்டுக்காரருக்கு உடன்படும் குடியிருப்பாளர், தம் பாதுகாப்பையே இழக்கின்றார். வாய்ச்சொல் மறையும், எழுத்து நிற்கும்.