நாகதாளியும் ஒரு சிவப்புச் சாயத்தின் கதையும்

கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா எங்கட கல்முனைப் பக்கம் கடற்கரை மணலில் புல்லுக்கூடக் கருகிப்போகும். நாகதாளி மட்டும் பச்சையாய் நிற்கும். சின்ன வயசில் அதன் பழத்தைத் தடியால் தட்டி விழுத்தி, மணலில் உருட்டித் தூள்முள்ளைப் போக்கித் தின்றவர்கள் நாங்கள். நாக்குச் சிவந்து வீட்டுக்கு வந்தால் மூத்தம்மா ஏசுவா. அது இந்த மண்ணிலேயே பிறந்த செடி என்றுதான் கனகாலம் நினைத்திருந்தோம்.

இல்லையாம். கக்டஸ் குடும்பமே அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமானது. மரங்களில் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஒன்று மட்டும்தான் இயற்கையாகவே ஆபிரிக்காவிலும் இலங்கையிலும் இருக்கிறது. நாகதாளி மனுசரோடு கப்பலில் வந்தது.

இந்தக் கதையில் சாயமும் இருக்கிறது. மெக்சிகோவில் நாகதாளி இனங்களில் கொச்சினீல் என்ற சிறு பூச்சி வளரும். அதைக் காயவைத்து அரைத்தால் அருமையான சிவப்பு. அந்த வியாபாரம் ஸ்பெயினின் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனிக்கும் அதில் ஒரு கண். 1795இல் நீல்சன் என்ற கப்டன் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது பிழையான பூச்சி! சாயத்துக்கு வளர்க்கும் இனமல்ல, அதன் காட்டு உறவு. சாயம் சரிவரவில்லை, ஆனா பூச்சி ஒருவகை நாகதாளியைத் தின்றே தீர்த்தது. மறுதறி ஓசையில் வளர்ந்த மருதமுனைப் பிள்ளைகளுக்கு, ஒரு நிறத்துக்காக இவ்வளவு பாடுபட்டது ஆச்சரியமாய் இருக்காது.

அதைக் கண்டவர்கள் 1836 அளவில் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1860களில் அங்கிருந்து இலங்கைக்கு வந்தது. களையை அழிக்கவென்றே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுபோய் வெற்றி கண்ட ஆகமுந்திய சம்பவங்களில் இதுவும் ஒன்று. கலைப்பீடத்துக்காரருக்குப் பூச்சியியல் எதுக்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் எங்கட பதில்: எங்கட தீவு இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே நிற்கிறது, பாடப்புத்தகத்தில் நாங்கள் அதைப் படித்ததில்லை.

அந்தப் பூச்சி எங்கட கரையோர நாகதாளியைத் தொடவில்லை, அது வேறு இனம். அதற்கு 1924இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு கொச்சினீல் வந்தது. 1926இல் அது இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போய், அங்கே பெரும்பரப்பை வெறுமையாக்கியது.

இவ்வளவு தின்றும் செடி முடிந்துபோகவில்லை. அதன் 'இலை' உண்மையில் தண்டு, இலைகள்தான் முள்ளாகிவிட்டன. பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றை உள்வாங்கும், அதனால் தண்ணீர் வீணாகாது. ஒரு துண்டு மணலில் விழுந்தாலும் வேர்விடும்.

பிறந்த ஊரில் இது பலபேரின் சோறு. வட அமெரிக்கப் பாலைகளில் ஜவலினா என்ற காட்டுப்பன்றி போன்ற பிராணி முள்ளோடு மெல்லும், மூட்டை எலி அதைக் கொண்டே வீடு கட்டும். கலாபகஸ் தீவுகளில் கக்டஸ் குருவியும் இராட்சத ஆமையும் இதையே நம்பி வாழ்கின்றன. அம்பாந்தோட்டையின் பூந்தல வனப்பூங்காவிலோ இது புதராய் அடர்ந்து, மிருகங்கள் மேயும் இடத்தை அடைத்துக்கொண்டது. குரங்குகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன, ஆக அங்கேயும் யாருக்கோ சோறுதான்.

'வந்தேறி' என்ற சொல் செடிக்குச் சொல்லப்பட்டாலும் எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும், ஏன் என்று எங்கட ஊரவருக்கு விளங்கும். அதுக்காகப் பூந்தலவில் வெட்டக்கூடாது என்று நாங்கள் சொல்லமாட்டோம். மேய்ச்சல் நிலம் மிருகங்களுக்கு வேணும். ஆனா வெட்டுகிறவர்கள் அதன் கதையையும் தெரிந்து வெட்டட்டும்.

அடுத்தமுறை நாகதாளித் துண்டில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதும் ஒட்டியிருந்தால் நகத்தால் அமத்திப் பாருங்கள். கொச்சினீலாய் இருந்தால் விரல் சிவக்கும்.