போயா வாரமும் தமிழ் மொழி விதிகளும்: 1966 ஜனவரியின் இரு சட்டங்கள்

பாராளுமன்றங்கள் அற்ப விடயங்களுக்கும் வெறும் அடையாளங்களுக்கும் சட்டமியற்றிக் காலத்தை வீணாக்குகின்றன என்பது பழைய குற்றச்சாட்டு. ஆனால் வீணாவது காலம் மட்டுந்தானா? ஓர் அடையாளச் சட்டம் நிறைவேறிய அதே வேளையில் வேறு எந்தச் சட்டம் சபையின் முன் இருந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் 1966 ஜனவரி இதற்கு நல்ல உதாரணம்.

அம்மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இல்லாமற் போனது. பூரணை, அமாவாசை, இடைப்பட்ட இரு அரைநிலவு நாட்கள் ஆகிய நான்கு போயா நாட்களும் அதன் இடத்தைப் பிடித்தன. போயாவுக்கு முதல்நாள் அரைநாள் விடுமுறை. அதே மாதம் 8ஆந் திகதி, 1958ஆம் ஆண்டுத் தமிழ் மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறின. இரண்டும் டட்லி சேனநாயக்க அரசாங்கத்தின் காரியங்களே.

1965 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மார்ச் 24இல் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தமிழரசுக் கட்சி அரசில் சேர்ந்தது; மு. திருச்செல்வம் செனற் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். 1956இல் பௌத்த - சிங்கள அலையில் அடிபட்டுப்போன கட்சி, தமிழரோடு கூட்டுச் சேர்ந்தவுடன் தன் பௌத்தப் பற்றை நிரூபிக்க வேண்டியதாயிற்று. போயா விடுமுறை பௌத்த அமைப்புகளின் நெடுநாட் கோரிக்கை. ஒரு கையால் தமிழருக்குக் கொடுப்பதை மறைக்க மறு கையால் போயாவை உயர்த்திக் காட்டினார்கள் என்பதே என் வாசிப்பு.

போயா வாரம் எப்படி இயங்கியது? சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதை நான்காகப் பிரித்தால் வாரம் சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள். உலகச் சந்தையும் வெளிநாட்டு வங்கிகளும் திங்கள் முதல் வெள்ளி வரை இயங்க, கொழும்பு நிலவைப் பார்த்து மூடித் திறந்தது. ஞாயிறு வேலைநாளானதால் கிறிஸ்தவர்களின் வழிபாடு நெருக்கடிக்குள்ளானது. ஆண்டுக்கு 52 ஞாயிறு இருந்த இடத்தில் 49 அல்லது 50 போயாவே வரும். பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லும்போது மாணவர் சிரிப்பார்கள். இப்போது தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்யும் எனக்கு இது சிரிப்பாகத் தெரியவில்லை. அட்டவணையில் இரண்டு ஓய்வுநாள் குறைந்தால் அது யாருடைய முதுகில் விழும் என்பது இயந்திரத்தின் முன் நிற்பவனுக்குத் தெரியும். இந்த ஏற்பாடு 1971 வரை நீடித்தது. அவ்வாண்டுச் சட்டம் ஞாயிறை மீட்டுப் பூரணைப் போயாவை மட்டும் வைத்துக்கொண்டது.

மறுபக்கத்தில் மொழி விதிகள். தாய்ச்சட்டம் 1958 கலவரத்தின் பின் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளுக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். வடக்கு, கிழக்கில் அரச கருமங்களைத் தமிழிலும் நடத்தலாம், தமிழ் கற்றவர் அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்ற அளவுக்கே அவை போயின. அதற்கே சிறீலங்கா சுதந்திரக் கட்சியும், ஒருகாலத்தில் இருமொழிச் சமத்துவம் பேசிய இடதுசாரிக் கட்சிகளும் கொழும்பு வீதியில் இறங்கின. பொலிஸ் சுட்டதில் ஓர் இளம் பிக்கு இறந்தார். அவசரகாலச் சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு அவ்விதிகள் முறையாக அமுல்செய்யப்படவில்லை. 1972 அரசியலமைப்பு, அவை அரசியலமைப்பின் பகுதியாகக் கொள்ளப்படமாட்டா, வெறும் துணைநிலைச் சட்டமே என்று எழுதிவைத்தது.

நான் கவனிக்கும் முரண் இதுதான். அடையாளத்துக்காகக் கொண்டுவந்த சட்டம் நாட்டின் ஒவ்வொரு கந்தோரையும் கடையையும் அசைத்தது. வாழ்க்கைக்குத் தேவையான விதிகள் காகிதத்தில் அடையாளமாக நின்றன. போயாவை அமுல்செய்யக் கதவைப் பூட்டினாற் போதும். தமிழில் கருமமாற்றுவதற்கு எழுதுவினைஞர், தட்டச்சாளர், மொழிபெயர்ப்பாளர், அவர்களுக்குச் சம்பளம் எல்லாம் வேண்டும். அந்த நிதியையும் ஆளணியையும் வற்புறுத்திப் பெறாதவிடத்து விதி வெறும் வாசகமே.

எமது தலைமையும் இந்த நோயிலிருந்து தப்பவில்லை. ஒப்பந்தத்தின் மையமான மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது. அப்போது திருச்செல்வம் பதவி விலகவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில், திருக்கோணேசுவரச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்தியபோதே விலகினார். கோணேசுவரம் அற்ப விடயம் என்று நான் சொல்லவில்லை. அதிகாரப் பகிர்வு கைநழுவியபோது பொறுத்தவர்கள் அடையாளம் தொடப்பட்டபோது பொறுக்கவில்லை என்பதையே சொல்கிறேன்.

ஒடுக்கப்பட்ட இனத்துக்கு அடையாளந்தானே மிச்சம் என்று நண்பர்கள் வாதிடுவர். அதில் உண்மையுண்டு. வட மாகாணசபை 2015 பெப்ரவரி 10இல் நிறைவேற்றிய இனப்படுகொலைத் தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை. ஆயினும் மக்கள் தெரிவுசெய்த சபையொன்றின் சாட்சியமாக அது அவசியமானதே. ஆனால் 2013 முதல் 2018 வரையான அச்சபையின் காலத்தில் தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில் குவிய, நியதிச் சட்டங்கள் அவற்றின் ஒரு சிறு பங்காகவே இருந்தன. கொழும்பின் முட்டுக்கட்டை இதற்குப் பெரிய காரணம். அது ஒன்றுதான் காரணமா என்று கேட்க எமக்கு ஏன் தயக்கம்?

எந்த நாட்டுச் சபையில் எமக்காக எந்தப் பிரேரணை வந்தாலும் கைதட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதை அமுல்செய்வது யார்? அதற்குப் பணம் எங்கே? செய்யாவிட்டால் யாரிடம் முறையிடலாம்? 1966இல் தமிழர் தரப்பு இவற்றுக்கு விடை பெற்றிருந்தால், யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் தமிழில் ஒரு பதில் கடிதத்துக்காக ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டி வந்திராது.