ஐந்து நிமிஷம்

சென்ற மே மாதம் ஒரு விடியற்காலையில், எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு பாட்டைப் பதிவு செய்வதற்கு உதவப் போனேன். அந்த வீட்டுப் பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, சங்கீதத்தையே பட்டப்படிப்பாக எடுக்க வேண்டும் என்று ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். விண்ணப்பத்தோடு வீடியோ ஒன்றும் அனுப்ப வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. வெட்டி ஒட்டக்கூடாது. முகமும் தாளம் போடும் கையும் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் சொல்ல வேண்டும். அரிசி டின்னின் மேல் பாடப் புத்தகங்களை அடுக்கி அவர்கள் வீட்டுப் போனைச் சாய்த்து வைத்தோம். சுருதி என் போனிலிருந்து வந்தது. அன்றைய கச்சேரியில் என் பங்கு அவ்வளவுதான்.

பட்டாபிராமில் தொடர்ந்து ஐந்து நிமிஷம் நிசப்தம் கிடைப்பது சுலபமல்ல. அரக்கோணம் பாதை எங்கள் தெருவுக்குப் பின்னால் போகிறது. மின்சார ரயில் போனால் எக்ஸ்பிரஸ், எக்ஸ்பிரஸ் போனால் கூட்ஸ். அவள் ஏழு முறை பாடினாள். “பாடறதுகூட வந்துடுதுண்ணா, பேரு சொல்றப்பதான் குரல் நடுங்குது” என்றாள்.

பெயர் சொல்லும் அந்த விதி புதிதல்ல என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில், கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் முன்னால் கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொன்னார். தட்டு அச்சானது ஜெர்மனியில், ஹானோவரில். அங்கே வேலை செய்தவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. எதிரில் இருப்பவனுக்குப் பாடுகிறவள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. எங்கோ இருக்கும், தான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒருவன் காதுக்குப் பாடும்போதுதான் பெயர் அவசியமாகிறது. எங்கள் மொட்டை மாடிக்கும் அந்த ஹோட்டல் அறைக்கும் இடையே நூற்றிருபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. விதி மாறவில்லை.

அதற்கு முன்பு எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? குரு ஒரு பிடியைப் பாடிக் காட்டுவார். பையன் திருப்பிப் பாட வேண்டும். சரியாக வராவிட்டால் கொஞ்சம் மாற்றி இன்னொரு முறை பாடிக் காட்டுவார். இரண்டாவது முறை பையன் என்ன செய்கிறான் என்பதுதான் பரீட்சை. தெரிந்த கீர்த்தனத்தை எவனும் பாடிவிடலாம். தெரியாததை வாங்கிக்கொள்ளும் காது இருக்கிறதா என்பதே கேள்வி. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளிலும் பையனைச் சேர்ப்பது நேருக்கு நேர் நடந்த காரியம்தான். 1918ல் டி.கே. சண்முகம் சகோதரர்கள் அப்படி ஒரு கம்பெனியில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள். குரல்தான் அங்கே மூலதனம். மகரக்கட்டு வந்ததும் நேற்றுவரை மேடையை ஆண்ட பையன் பின்னால் ஒதுங்க வேண்டியதுதான். சேர்க்கும்போதே இன்றையக் குரலையும் நாளைக்கு அது என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்த காது வாத்தியாருக்கு வேண்டியிருந்தது.

இதை வைத்து நம்மில் சிலர் திண்ணையைப் பற்றிக் கண்ணீர் விடக்கூடும். அதற்கு முன்னால், அந்தத் திண்ணையில் யார் ஏற முடிந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. எதிரில் உட்கார்ந்து கேட்கிறவர் குரலை மட்டும் கேட்பதில்லை. என்ன ஜாதி, யார் பிள்ளை, நிறம் என்ன, யாருடைய சிபாரிசு என்பதெல்லாம் கேட்கும் காதுக்குள் சேர்ந்தே போகின்றன. 1929ல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கியதும், 1936ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியதும், 1949ல் சென்னையில் அரசாங்கத்தின் கர்நாடக இசைக் கல்லூரி முசிரி சுப்பிரமணிய அய்யரை முதல்வராகக் கொண்டு வந்ததும் முக்கியமான மாறுதல்கள். கலைக்கு விண்ணப்பம் என்று ஒரு காகிதம் ஏற்பட்டது. ஆனாலும் காகிதத்துக்குப் பிறகு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கும் பழக்கம் போகவில்லை.

முகத்தை மறைத்துக் கேட்க முயன்றது ரேடியோ. சென்னை நிலையம் அகில இந்திய வானொலியின் கீழ் வந்தது 1938ல். 1952ல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்த பிறகு ஆடிஷன் ஒரு ஸ்தாபன முறையாயிற்று. வருஷக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்த வித்வான்களும் பரீட்சைக்கு உட்கார வேண்டியதாயிற்று. எதிர்ப்பும் கிளம்பியது. நாளடைவில் ஏற்பட்ட ஏற்பாடு இது: முதலில் உள்ளூர்க் குழு கேட்கும். அதில் தேறினால் ஒலிப்பதிவு பெயரில்லாமல், ஒரு குறியீட்டு எண்ணோடு டில்லிக்குப் போகும். அங்கே பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பார்கள். கௌஹர் ஜான் சொன்ன பெயரை ரேடியோ அழித்தது. தத்துவ ரீதியாகப் பார்த்தால் இதைவிட நியாயமான ஏற்பாடு நம் சங்கீத சரித்திரத்தில் வேறில்லை. ஆனால் இதே கேஸ்கர் காலத்தில்தான் சினிமாப் பாட்டு ரேடியோவிலிருந்து விலக்கப்பட்டது. 1940லிருந்து ஹார்மோனியத்துக்கு இருந்த தடையும் அவர் காலம் முழுவதும் நீடித்தது. பாடுகிறவன் முகத்தை மறைத்துவிட்ட ஸ்தாபனம், எது சங்கீதம் என்பதைத் தானே முன்கூட்டித் தீர்மானித்துக்கொண்டது.

கருவி எப்போதும் இதைத்தான் செய்கிறது. தனக்குள் அடங்குவதைக் கலை என்று சொல்லப் பழக்குகிறது. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கக்கூடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் வந்து உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தது, பிரமாதமாகவே. அது ராஜரத்தினத்தின் பெருமை. தட்டின் பெருமை அல்ல.

காமிரா வந்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. சத்யஜித் ராய் சிறுவனாக இருந்தபோதே கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர். அவரைப் படமெடுத்தது 1976ல்தான். அப்போது பாலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் ஒரு பகுதியை ராய் கடற்கரையில் எடுத்தார். காற்று புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறது. அபிநயம் காற்றோடு மல்லுக்கு நிற்கிறது. ராய் போன்ற ஒரு மேதையின் காமிராவே பாலாவிடம் அப்படித் தடுமாறியது என்றால், அரிசி டின் மேல் சாய்த்து வைத்த போனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொன்று. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பக்கம் கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிறது. கூத்தாடிக்கு வேண்டிய முதல் யோக்கியதை நள்ளிரவுக்குப் பிறகும் நிற்கும் குரல். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பெண் குழந்தைகளும் அங்கே படித்து ஆடினார்கள். அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் மூன்றாம் ஜாமத்துக் குரலை ஐந்து நிமிஷ வீடியோவில் எப்படி அனுப்புவது? நிபந்தனைத் தாளை எழுதியவர் மனதில் இருந்தது ஒரு கீர்த்தனம். கூத்து அவர் மனதில் இல்லை. இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் விளைவு ஒன்றுதான்.

2020ல் கொரோனா வந்தபோது பல கலைக் கல்லூரிகளுக்கு வீடியோ தவிர வேறு வழியிருக்கவில்லை. மார்கழிக் கச்சேரியே அந்த வருஷம் திரைக்குள் போயிற்று. நோய் தணிந்த பிறகும் வீடியோ தங்கிவிட்டது. தங்கியதில் நன்மையும் உண்டு. தர்மபுரிப் பெண் ஒருத்தி தகப்பனாரின் இரண்டு நாள் கூலியை இழக்காமல், சென்னையில் ராத்தங்க இடம் தேடாமல் விண்ணப்பிக்க முடிகிறது. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. என் ஆட்சேபம் வீடியோ கேட்பதில் இல்லை. அதோடு நிறுத்திக்கொள்வதில்தான்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் மாதிரிக் கையெழுத்து என்று ஒன்று உண்டு. காசோலை வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வயதானவர்களுக்குக் கை நடுங்கும், கையெழுத்து ஒத்துப்போகாது. அப்போது ஆளை வரச்சொல்லி, கவுண்டரில் எதிரில் போடச் சொல்வோம். கையெழுத்து மாறியிருக்கலாம், ஆள் அவர்தான் என்று அப்போது தெரியும். ஒரு எழுபது வயதுக்காரருக்கு வங்கி கொடுக்கும் இந்தச் சலுகையைப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஒரு கலைக் கல்லூரி கொடுக்கக்கூடாதா? வீடியோவைப் பார்த்து வடிகட்டட்டும். பிறகு கூப்பிட்டு, முடியாவிட்டால் போனிலாவது, அவளுக்குத் தெரியாத ஒரு பிடியைப் பாடிக் காட்டட்டும். சேர்க்கை என்பது அவள் இன்னும் கற்காததைப் பற்றிய விஷயம். வீடியோ கற்று முடித்ததை மட்டும்தான் காட்டும்.

அன்று காலை நான்காவது முறை பாடும்போது, அநுபல்லவியில் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாக ஊதிக்கொண்டு போனது. ஊதலுக்கும் அவள் சுருதிக்கும் சம்பந்தமே இல்லை. அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மேல் ஷட்ஜத்தில் நின்றாள், வண்டி போகும்வரை. தாளம் போட்ட கை ஆவர்த்தனத்தைக் காத்துக்கொண்டே இருந்தது. சத்தம் ஓய்ந்ததும் எடுப்பில் சரியாக வந்து விழுந்தாள். நான் குருவாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சேர்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் அனுப்பியது ஏழாவதை. அதில் ரயில் சத்தம் இல்லை. பெயரைச் சொல்லும்போதும் குரல் நடுங்கவில்லை. போனில் இடம் போதாது என்று மற்ற ஆறையும் அவள் அம்மா அன்றைக்கே அழித்துவிட்டார்கள்.