காஸ் எங்கே போனது?

பிரிட்ஜ் குளிர் விடேல்லை எண்டு சொன்னால் எங்கட வீடுகளில் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: "காஸ் போயிருக்கும், அடிச்சால் சரி." சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற மாதிரி! ஆனால் பிரிட்ஜ் காஸைக் குடித்து ஓடுகிற மெஷின் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்டிக்குள் ஆவியாகும்போது அங்கிருக்கிற சூட்டை எடுக்கிறது. கொம்பிரசர் அதை அமுக்கி அனுப்ப, பின்பக்கக் குழாய்களில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது, திரும்பவும் உள்ளே போகிறது. கசிவு இல்லாவிட்டால் நாற்பது வருடத்துக்கும் அதே காஸ் காணும்.

ஆகவே பழைய பிரிட்ஜ் ஒன்றைத் திருத்தப் போகும்போது நாங்கள் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். போனது எந்தக் காஸ்? அது எங்கே போனது? இந்த இரண்டுக்கும் பதில் தேடினால் நூறு வருட வரலாறு ஒன்று வெளியே வரும்.

1920களில் மின்சார பிரிட்ஜ் அமெரிக்கச் சமையலறைகளுக்குள் வந்தபோது அதற்குள் இருந்தவை அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு போன்றவை. மூன்றும் நஞ்சு. அந்தக் காலத்துப் பல மெஷின்களில் மோட்டார் வெளியே இருக்கும், கொம்பிரசரின் அச்சு ஒரு துளையால் உள்ளே போகும். அச்சு சுற்றச் சுற்ற அந்தத் துளையின் அடைப்புத் தேயும். கசிவு அங்கேதான் தொடங்கும்.

1927இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனி 'மொனிட்டர் டொப்' எனப் பிறகு பெயரெடுத்த பிரிட்ஜை விற்பனைக்கு விட்டது. கிறிஸ்டியன் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற பொறியியலாளர் மோட்டாரையும் கொம்பிரசரையும் ஒரே உருக்குக் கூட்டுக்குள் வைத்து முழுதாக மூடிவிட்டார். அந்த வட்டக் கூடு பெட்டியின் தலையில் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓடிய 'மொனிட்டர்' என்ற இரும்புக் கப்பலின் பீரங்கிக் கோபுரம் போல இருந்ததால் சனங்கள் வைத்த பெயர் அது. அச்சுத் துளை இல்லை, ஆகவே தேய அடைப்பும் இல்லை. அவற்றில் சில இன்றைக்கும் ஓடுகின்றன.

ஆனால் உள்ளே இருந்தது பெரும்பாலும் கந்தகவீரொட்சைட்டுத்தான். இதில் ஒரு நன்மையும் இருந்தது. கொஞ்சம் கசிந்தாலே மூக்கும் தொண்டையும் எரியும், வீட்டில் ஒருத்தரும் நிற்க ஏலாது. திருத்துபவர்கள் அமோனியாவில் நனைத்த துணியைக் குழாய் வழியே கொண்டுபோவார்கள், கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை எழும்பும். மெதயில் குளோரைட்டு அப்படியில்லை. அதன் மணம் மெல்லியது, இனிப்பானது. நித்திரையில் இருப்பவரை அது எழுப்பாது. 1929இல் சிக்காகோவில் அதன் கசிவால் ஆட்கள் இறந்தது பெரிய செய்தியானது.

அதற்குச் சில வருடம் முன்னர் பேர்லினில் ஒரு குடும்பம் பிரிட்ஜின் நச்சு வாயுவால் இறந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்து மனம் கலங்கியவர்களில் ஒருவர் அல்பேர்ட் ஐன்ஸ்டைன். அவரும் லியோ சிலார்ட் என்ற இளம் விஞ்ஞானியும் அசைகிற பாகமே இல்லாத பிரிட்ஜ்களை வடிவமைக்கத் தொடங்கினார்கள். 1930இல் அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது. கடைக்கு மட்டும் அது வரவேயில்லை.

அசைகிற பாகம் இல்லாத வேறொரு பிரிட்ஜ் அதற்கு முன்னரே வந்துவிட்டது. ஸ்டொக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த போல்ட்சார் வொன் பிளாட்டன், கார்ல் மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்தது அது. அமோனியா, நீர், ஐதரசன் மூன்றும் மூடிய குழாய்க்குள் இருக்கும், கீழே ஒரு சுவாலை எரியும். அவ்வளவுதான். எலக்ட்ரோலக்ஸ் 1925இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மண்ணெண்ணெயிலும் ஓடும் என்பதால் கரண்ட் இல்லாத ஊர்களுக்கும் போனது. அதைத் திருத்துகிற முறையும் விசித்திரம். முதலில் பெட்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் சரிந்து நின்றால் உள்ளே ஓட்டம் நின்றுவிடும். அதற்கும் சரிவரா விட்டால் பிரிட்ஜையே தலைகீழாக நிறுத்தி வைப்பார்கள். தேங்கிப்போன திரவம் கலந்து, சிலவேளை திரும்பக் குளிரத் தொடங்கும். ஆனால் அமோனியா மணமும் குழாயில் மஞ்சள் தூளும் தெரிந்தால் குழாய் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் வைத்துத் திருத்தேலாது.

இந்த நேரத்தில்தான் எல்லாருக்கும் விடுதலை தருவது போல ஒரு காஸ் வந்தது. 1928இல் தோமஸ் மிட்ஜ்லியும் கூட்டாளிகளும் ஆர் 12ஐ உருவாக்கினார்கள். 1930இல் மிட்ஜ்லி சபை முன்னால் அதை மூச்சுக்குள் இழுத்து, மெழுகுதிரி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, பற்றாது என்று நிரூபித்தாயிற்று. அடுத்த ஐம்பது வருடம் உலகம் முழுக்க இந்தக் காஸ்தான். பிரிட்ஜ் திருத்துகிற அண்ணைமார் பழைய காஸைக் காற்றில் திறந்துவிட்டுப் புதுசு அடித்தார்கள். அவையைக் குற்றம் சொல்லேலாது. பாதுகாப்பான காஸ் எண்டுதான் அவைக்குச் சொல்லிக் குடுத்தது.

1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும்தான் "அது எங்கே போகுது?" என்று கேட்டார்கள். மேலே போகிறது. அங்கே சூரியனின் புறஊதாக் கதிரில் உடைந்து குளோரீனை விட, அது ஓசோனைத் தின்கிறது. 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் ஓட்டை பற்றிய அறிக்கை வந்தது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை. 1989இல் இலங்கையும் சேர்ந்தது. எங்களைப் போன்ற நாடுகள் 2010க்குள் அந்த வகைக் காஸை நிறுத்தவேண்டும் என்பது விதி. ஆனால் ஆர் 12 வானத்தில் சுமார் நூறு வருடம் நிற்கும். 1980இல் ஒரு கராஜில் திறந்துவிட்ட காஸில் பாதிக்கு மேல் இன்றைக்கும் எங்கட தலைக்கு மேலேதான் இருக்கிறது.

ஆபத்து ஒழியவில்லை, இடம்தான் மாறியது என்பதே இந்த வரலாற்றில் நாங்கள் பார்ப்பது. சமையலறையில் இருந்தது உருக்குக் கூட்டுக்குள் போனது, பிறகு வானத்துக்குப் போனது. அடுத்து வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடவில்லை, ஆனால் காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். இப்போதைய புது பிரிட்ஜ்களில் இருக்கிற ஆர் 600ஏ எங்கட சமையல் காஸின் சொந்தக்காரன். வானத்துக்குக் கெடுதி மிகக் குறைவு, ஆனால் பற்றும். ஆபத்துத் திரும்பவும் வீட்டுக்குள்!

இதனால்தான் பழைய ஆர் 12 பிரிட்ஜுக்குள் கைக்குக் கிடைத்த காஸை அடிக்கக்கூடாது. அதன் கொம்பிரசர் எண்ணெயோடு ஆர் 134ஏ கலக்காது. எண்ணெய் திரும்பி வராமல் கொம்பிரசர் இறுகிப்போகும். ஆர் 600ஏ அடித்தால், கசிகிற நாளில் பெட்டிக்குள் இருக்கிற பழைய சுவிட்சின் ஒரு பொறி போதும்.

சரியான திருத்தம் மெதுவானது. மிச்சக் காஸைச் சிலிண்டரில் பிடிக்கவேண்டும். நைதரசன் ஏற்றிச் சவர்க்கார நுரை பூசிக் கசிவைக் கண்டுபிடித்து ஒட்டவேண்டும். ஈரம் உறிஞ்சும் வடியை மாற்றி, வக்யூம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகு, அந்தப் பெட்டிக்குரிய காஸைத் தராசில் நிறுத்து அடிக்கவேண்டும். செலவு கூடத்தான். ஆனால் கசிவை விட்டுவிட்டுக் காஸ் மட்டும் அடித்தால் கொஞ்சக் காலத்தில் அதுவும் போய்விடும்.

அடுத்த முறை யாராவது "காஸ் போயிட்டுது" எண்டு சொன்னால், "எங்க போனது அண்ணை?" எண்டு கேட்டுப் பாருங்கோ. கசிவைத் தேடுகிற அண்ணை எண்டால் அந்தக் கேள்விக்குச் சந்தோசப்படுவார்.