கண்டிச் சுண்ணக்கல்லும் களிமண்ணும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கண்டி நகரைச் சூழ்ந்த திகன, குண்டசாலை, கெங்கல்ல, அம்பகோட்டைப் பகுதிகளிலும் வடக்கே மாத்தளையிலும் கிடைக்கும் பளிங்குருச் சுண்ணக்கல், டொலமைட், களிமண் ஆகியவற்றைப் பற்றியது இக்கட்டுரை. இவற்றுள் டொலமைட்டே பொருளாதார முதன்மை உடையது. அதன் வரலாறு முழுவதையும் தீர்மானித்தது அதிலுள்ள மக்னீசியம் எனலாம்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மயோசீன் காலக் கடலடியில் படிந்தது. அதில் சிப்பிகளின் அச்சு இன்னும் தெரியும். கண்டிக் கல் அதைவிட மிகப் பழையது. தொல்கடலின் சுண்ணப் படிவு ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து, நெருக்குண்டு, பளிங்காக மாறியது. உடைத்த முகத்தைப் பார்த்தால் சீனிக்கட்டி போல மின்னும் வெள்ளைமணிகள். நடுவே தேன்நிற அப்பிரகத் தகடுகள், பச்சை டையொப்சைடு, சில இடங்களில் நீல ஸ்பைனல், கறுப்புப் புள்ளிகளாகக் காரீயம். கல்லில் ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் சுண்ணக்கல்லின் கனிமமான கல்சைட்டு உடனே நுரைக்கும். டொலமைட்டோ பொடியாக்கினால்தான் நன்றாக நுரைக்கும். களப்பணியில் இரண்டையும் பிரித்தறிய இன்றும் இதுவே எளிய வழி.

கண்டி அரசு காலத்தில் கட்டடச் சாந்துக்கும் வெள்ளையடிப்பதற்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. மட்பாண்டம் செய்தோர் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையின் கீழ் ‘பத்த’ எனப்பட்ட தொழிற்பிரிவொன்றில் அடங்கி, அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் கலங்கள் வழங்கினர். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் அந்தக் கட்டாயம் நீங்கியது. வேதியியலறிஞர் ஹம்பிரி டேவியின் தம்பியான மருத்துவர் ஜோன் டேவி, இலங்கை உள்நாடு பற்றி 1821இல் வெளியிட்ட நூலில் டொலமைட்டைக் குறித்துள்ளார்.

முறையான ஆய்வு ஆனந்த குமாரசுவாமியோடு தொடங்குகிறது. கலை வரலாற்றாசிரியராகவே பலரும் அறிந்த இவர் தொழிலால் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைத் துறையின் முதல் இயக்குநர். இலங்கையின் பளிங்குருச் சுண்ணக்கற்கள் பற்றி 1902இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் இதழில் எழுதினார். அம்பகோட்டைக்கு அருகே கங்கபிட்டியவில், சுண்ணக்கல்லும் கிரனுலைட்டும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் கிடைத்த நீலநிறப் போரான் கனிமம் ஒன்றை, ஜி. டி. பிரையருடன் சேர்ந்து 1903இல் ‘செரண்டிபைட்’ என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தார். அரிய இரத்தினக்கல்லாக மதிக்கப்படும் இக்கனிமத்தின் மூலஇடம் இன்றும் அதுவே. களஆய்வுக்காகச் சுற்றிய அதே கிராமங்களின் கைவினைஞர்களைப் பற்றித்தான் 1908இல் அவர் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை வெளியிட்டார். கல்லைத் தேடிப் போனவர் குயவரிடமும் தச்சரிடமும் நின்றுவிட்டார் என்று சொன்னால் தவறாகாது.

தீவில் சீமெந்துத் தொழில் தொடங்கியபோது கண்டி ஒதுக்கப்பட்டது. 1950இல் காங்கேசன்துறையிலும் பின்னர் புத்தளத்திலும் ஆலைகள் எழுந்தன. இரண்டும் கரையோர மயோசீன் கல்லை நம்பியவை. சீமெந்தில் மக்னீசியம் ஒக்சைடு 5, 6 விழுக்காட்டைத் தாண்டினால் கட்டடம் இறுகிய பிறகும் அது மெல்ல நீரேறிப் பருத்து வெடிப்புகளை உண்டாக்கும். தூய டொலமைட்டிலோ மக்னீசியம் ஒக்சைடு சுமார் 22 விழுக்காடு. எவ்வளவு மலை இருந்தும் சீமெந்துக்கு உதவாது.

ஆனால் அதே மக்னீசியம் தேயிலைக்கு வேண்டியது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் மலைநாடு முழுவதும் பரவி, அமோனியம் சல்பேட்டு போன்ற உரங்களால் மண்ணின் புளிப்பு ஏறியது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. கவ்வாத்துக் காலத்தை ஒட்டித் தோட்டங்களில் தூவும் டொலமைட் தூள் புளிப்பைத் தணித்து, இலைப் பச்சைக்கு வேண்டிய மக்னீசியத்தையும் தருகிறது. இதற்குச் சூளை வேண்டாம், அரைத்தாலே போதும். மூட்டையின் விலை குறைவு, எடை அதிகம் என்பதால் லொறிக்கூலியே விலையைத் தீர்மானிக்கும். தோட்டங்களுக்கு நடுவே கல் இருப்பதுதான் கண்டிக்குக் கிடைத்த சந்தை.

சுண்ணாம்புச் சூளைத் தொழிலின் கணக்கு வேறு. தூய கல்சைட்டு 100 கிலோவை 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும்; 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். டொலமைட்டில் இழப்பு ஏறக்குறைய பாதி. எனவே சூளை கல்லுக்கு அருகிலேயே இருக்கும், விறகுதான் தேடி வரும். தென்கரையில் பவளப்பாறையை வெட்டிச் சுடுவதற்கு 1980களில் சட்டத்தடை வந்ததால் உள்நாட்டுச் சுண்ணாம்பின் தேவை கூடியது. பவளப்பாறைக்கு அது நன்மை. புகையையும் விறகுச் செலவையும் மலைநாடு ஏற்றது.

களிமண்ணைச் சுருக்கமாகச் சொல்லலாம். மழைநீர் பெல்ஸ்பாரின் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கரைத்துச் செல்ல, எஞ்சுவது கயோலினைட்டு. கண்டிப் பாறைகளில் இரும்பு மிகுதி. ஆகவே மண் சிவந்து செங்கல், ஓடு, சட்டி பானைக்கு உதவுமே தவிர வெண்பீங்கானுக்கு ஆகாது. வெள்ளைக் களிமண் பொரலஸ்கமுவவிலும் தெற்கே மீட்டியாகொடவிலும் கிடைக்கிறது. பெல்ஸ்பார் மாத்தளை மாவட்டத்தின் கைகாவல, ஓவல பகுதிகளில் உண்டு. மாத்தளையிலேயே 1970களில் ஜப்பானிய நொரிட்டாக்கே நிறுவனத்தின் பங்கேற்போடு பீங்கான் தொழிற்சாலை அமைந்து ஏற்றுமதியில் இறங்கியது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அகழ்வு உரிமங்களைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்திடம் ஒப்படைத்தது. 2020 ஆகஸ்ட் 29இலும் அதன் பின்னரும் திகன வட்டாரத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டபோது, பலரின் சந்தேகம் முதலில் கற்குழிகளின் வெடிமீதும் அடுத்து 1985இல் நிறைவுற்ற விக்டோரியா நீர்த்தேக்கத்தின்மீதும் விழுந்தது. சுண்ணக்கல் நீரில் கரையும் பாறை. பக்கத்தில் பெரும் அணை. இப்படிப்பட்ட நிலத்தில் உரிமம் வழங்குவதற்குக் கல்லின் தரச்சான்று மட்டும் போதாது. நிலத்தடி நீரோட்டத்தின் வரைபடமும் பல்லேகல நில அதிர்வு நிலையத்தின் பதிவுகளும் அதே கோப்பில் இருக்க வேண்டும்.