மோதிரப் படமும் சொல்தா தாத்தாவும்

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்த என் பேரன், "தாத்தா, இதை நீங்க பார்த்தே ஆகணும்" என்று 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தைத் தொலைக்காட்சியில் போட்டான். மூன்று பாகங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். என் ஆங்கிலம் அலுவலகக் கோப்புகளோடு நின்றுபோனது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பிரெஞ்சுக் குரலில் வைத்துக் கொடுத்தான். 2001 முதல் 2003 வரை உலகமே பார்த்து முடித்த படத்தை, 74 வயதில் முதன்முதலாகப் பார்த்தேன்.

முதல் நாள் சரியாக விளங்கவில்லை. நீண்ட தாடிக் கிழவர்கள் இருவர். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பேரனைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நம் ராஜா ராணிக் கதைகளில் வீரன் ஒரு பொருளைத் தேடிப் போவான். இங்கே கையிலிருக்கும் மோதிரத்தை ஒழிக்கப் போகிறார்கள். போகிற ஃப்ரோடோ வீரனும் அல்ல, இடுப்பளவு உயரமுள்ள சாதாரண ஆள். துணைக்கு அவன் தோட்டக்காரன் சாம்.

இரண்டாம் நாள் ஒரு சதுப்பு நிலம் வந்தது. தண்ணீருக்கடியில் செத்த போர்வீரர்களின் முகங்கள். படத்தை நிறுத்தச் சொன்னேன். அந்தச் சேற்றைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

என் அப்பாவின் அப்பா ஒரு சொல்தா. முதல் உலகப் போரில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி பிரான்சுக்குப் போய்த் திரும்பியவர். அந்தப் போரைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது ஒன்றுதான்: "அங்கே தரையே கிடையாது, எல்லாம் சேறு."

பிறகு தேடிப் படித்தேன். கதையை எழுதிய டோல்கீன் 1916இல் பிரிட்டிஷ் படையில் இளநிலை அதிகாரியாக வட பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். அந்தப் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பேன் கடியால் வரும் காய்ச்சல் பிடித்து நவம்பரில் அவர் ஊர் திரும்பினார். 1918க்குள் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் இறந்துபோனார்கள். தன் கதை எந்தப் போருக்கும் உருவகம் அல்ல என்றே அவர் சொல்லிவந்தார். ஆனாலும் அந்தச் சதுப்பு நிலத்தில் சோம் போருக்குப் பிந்தைய வட பிரான்சின் சாயல் உண்டு என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். படத்தை எடுத்த பீட்டர் ஜாக்சனின் தாத்தாவும் அந்தப் போரில் இருந்தவர்தான்.

மூன்றாம் பாகத்தின் முடிவுதான் என்னை உலுக்கியது. எல்லாம் முடிந்து நால்வர் ஊர் திரும்பி மதுக்கடையில் உட்காருகிறார்கள். சுற்றியிருப்பவர்கள் ஒரு பெரிய பூசணிக்காயைப் பார்த்து வியந்துகொண்டிருக்கிறார்கள். எங்கே போனீர்கள், என்ன கண்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். ஃப்ரோடோவின் பழைய காயம் ஆண்டுகள் கழிந்தும் ஆறவில்லை.

டோல்கீனின் நூல் வெளிவரத் தொடங்கிய 1954இல்தான் நம் ஊரில் கொடி மாறியது. அதன் பிறகும் தாத்தா ஒவ்வொரு நவம்பர் 11 அன்றும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலையில் 1938இல் எழுப்பிய போர் நினைவுச்சின்னத்துக்குப் போவார். திரும்பி வந்து இருட்டும்வரை திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பதக்கத்தின் நாடா என்ன நிறம் என்று பார்ப்பதில்தான் பிள்ளைகள் எங்களுக்கு ஆசை. பெரியவர்களுக்குப் பென்ஷன் எப்போது வரும் என்பதே பேச்சு.

அவர் இறந்தபோது எனக்கு 13 வயது. சிறுவன் என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு அப்பா நெடுநாள் இருந்தார். அவரிடமும் நான் கேட்கவில்லை. 34 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் ஊரார் விவரங்களையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பதிவேட்டில் எழுதியவன் நான். தாத்தா எந்தக் களத்தில் நின்றார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

படம் முடிந்ததும் பேரன் கேட்டான்: "அவர் பேர் அந்த நினைவுச்சின்னத்துல இருக்குமா தாத்தா?"

"அது திரும்பி வராதவங்களுக்குப்பா" என்றேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு சொல்தா படம் தொங்கினால், விவரம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.