பேனாக்கத்தி

"சேர், வெட்டுற கத்திக்கு ஏன் பேனா எண்டு பேர்?" வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நேயர்களே, அவ்வினாவினுள்ளே ஒரு வரலாறு மடிந்து கிடக்கின்றது.

இலத்தீனில் 'பென்னா' என்றால் இறகு. ஐரோப்பியர் வாத்தின் இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதினர். எழுத எழுத முனை மழுங்கும். மீண்டும் சீவுவதற்குச் சிறு கத்தியொன்று எந்நேரமும் உடனிருக்க வேண்டும். பையில் வைப்பதற்கேற்ப அதன் அலகு பிடிக்குள் மடியலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் பேர்மிங்ஹாம் ஆலைகளின் உருக்கு முனைகள் வந்து இறகை ஒழித்தன. கத்தியின் பெயர் மட்டும் நிலைத்தது.

நம் முன்னோரிடமும் இதற்கொப்பான கருவி இருந்தது. ஓலை வாரும் கத்தியும் எழுதும் கூர்முனையும் ஒரே பிடிக்குள் மடியும் மடக்கெழுத்தாணியே அது.

என் பேரனாரின் பேனாக்கத்தி பாக்கு வெட்டியது. என் பென்சிலையும் சீவியது. 1990களில், யுத்த நாளொன்றில், சோதனைச் சாவடிக்கு அஞ்சி அம்மா அதைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டார். அது ஆயுதமன்று, எழுத்தின் தோழன் என்று சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று அந்த மாணவனுக்குச் சொன்னேன்.